கேள்வி – பதில்: மேட்டூர் நீர்மட்டமும் கிராஃப் தாளும்

கேள்வி: நடுநிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருக்கிறேன். புத்தகத்தில் உள்ள பட்டை வரைபடங்களை என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அழகாகப் போடுகிறார்கள். வெளியிலிருந்து ஏதாவது விவரம் கொடுத்தால் மட்டும், "டீச்சர், அளவுத்திட்டம் என்ன?" என்று கேட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறார்கள். என்ன செய்யலாம்?
– ஆசிரியை, திருவாரூர் மாவட்டம்

பதில்: பிள்ளைகள் கேட்பதில் தப்பே இல்லை. புத்தகக் கணக்கில் எண்கள் 10, 20, 30 என்று வரும், ஒரு கட்டத்துக்கு எவ்வளவு என்கிற அளவுத்திட்டத்தையும் நாமே சொல்லிவிடுவோம், அப்புறம் பிள்ளைக்கு மிச்சம் இருப்பது கட்டத்தை எண்ணிப் பட்டையை நிறுத்துவதுதான். யோசிக்க வேண்டியதை எல்லாம் நாம் யோசித்து முடித்துவிட்டுக் கோடு போடுகிற வேலையை மட்டும் அவர்களிடம் தருகிறோம். நானும் கணக்கு எடுத்த முதல் சில வருடங்கள் இப்படித்தான் செய்தேன், அதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

உங்கள் ஊருக்கு என்றே ஒரு நல்ல விவரம் தினமும் பேப்பரில் வருகிறதே! மேட்டூர் அணை நீர்மட்டம். ஜூன் 12-ல் தண்ணீர் திறப்பார்களா, குறுவை போடலாமா என்று பேசுகிற வீடுகளில் பிள்ளைகள் அந்த எண்ணைக் காதில் கேட்டே வளர்கிறார்கள். நாளுக்கு ஒரு பிள்ளை என்று முறை வைத்து, நீர்மட்டம், நீர்வரத்து, நீர் இருப்பு மூன்றையும் இரண்டு வாரம் குறித்துவரச் சொல்லுங்கள். பிறகு நீர்மட்டத்தை வரையச் சொல்லுங்கள், அளவுத்திட்டத்தை மட்டும் சொல்லாதீர்கள்.

முதல் நாள் வகுப்பு கொஞ்சம் குழம்பும். குழம்பட்டும். 97.31 அடி, 97.84 அடி என்று வருகிற எண்களை ஒரு பிள்ளை பூஜ்யத்திலிருந்து 120 வரை அச்சு போட்டு வரைவாள், கோடு மேலே படுத்தே கிடக்கும். இன்னொருவன் 95-ல் தொடங்குவான், அவனுடைய கோடு தென்னை மரம் மாதிரி ஏறும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைத்து, "தண்ணீர் நிஜமாக எவ்வளவு ஏறியிருக்கிறது?" என்று கேளுங்கள். புள்ளிகள் இரண்டிலும் சரிதான். அணை எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று தெரிய முதல் படம் வேண்டும், இந்த வாரம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தாத்தாவுக்குச் சொல்ல இரண்டாவது படம் வேண்டும். எதைக் கேட்கிறோமோ அதற்கு ஏற்பத்தான் அளவுத்திட்டம் என்பது அவர்களுக்கே பிடிபடும். இந்த வாக்குவாதத்துக்கு ஒரு பீரியட் முழுசாகப் போனாலும் பரவாயில்லை, விட்டுவிடுங்கள்.

பட்டை வரைபடத்துக்கு இந்தச் சலுகை கிடையாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். அங்கே பட்டையின் நீளம்தான் பேசுகிறது. 96-ஐயும் 98-ஐயும் 95-லிருந்து தொடங்கிப் பட்டையாகப் போட்டால் ஒன்று மற்றதைப் போல மூன்று மடங்கு உயரமாக நிற்கும், உண்மையான வித்தியாசமோ இரண்டே அடி.

இதைவிட அருமையான படம் ஒன்று அதே செய்திக்குள் இருக்கிறது. மேட்டூரின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்றால் நூறு கோடி கன அடி). "அறுபது அடியில் எவ்வளவு தண்ணீர் இருக்கும்?" என்று முதலில் கேளுங்கள். பாதி என்றுதான் முக்கால்வாசிப் பேர் சொல்வார்கள். ஆனால் 60 அடியில் இருப்பது சுமார் 25 டிஎம்சி, 100 அடியில் சுமார் 65. உயரத்தைக் கிடை அச்சிலும் இருப்பைக் குத்து அச்சிலும் வைத்துப் புள்ளி வைத்தால் நேர்கோடு வராது, போகப் போக மேல்நோக்கி வளையும். அணை அடியில் குறுகி மேலே போகப் போக விரிகிறது, அதனால்தான். நம்பாத பிள்ளையிடம் வாய் அகன்ற சட்டி ஒன்றைக் கொடுத்து, டம்ளர் டம்ளராகத் தண்ணீர் ஊற்றி ஸ்கேலால் உயரம் அளக்கச் சொல்லுங்கள், அதே மாதிரி வளைவு வரும். 120-லிருந்து 100-க்கு இறங்குகிற இருபது அடியில் போகிற தண்ணீர், அடியில் உள்ள அறுபது அடித் தண்ணீரைவிட அதிகம் என்பதை அந்தப் படத்தைப் பார்த்து ஒரு பிள்ளை தானாகவே சொன்னால், அந்த வருடத்துக்கு உங்களுக்கு அது போதும்.

கேள்வி: பிடித்த விளையாட்டு பற்றி நண்பர்களிடம் கேட்டுவந்து, என் மகன் புள்ளி வைத்துக் கோடு இழுத்திருந்தான். ஆசிரியர் தப்பு என்று அடித்துவிட்டார். ஏன் என்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை.
– வாசகர், ஓசூர்

பதில்: அந்தக் கோட்டின் நடுவில் விரலை வைத்து, "இங்கே என்ன இருக்கிறது?" என்று பையனிடம் கேளுங்கள். கபடிக்கும் கிரிக்கெட்டுக்கும் நடுவில் ஒன்றும் இல்லை, அதனால் அங்கே பட்டைதான் சரி. மேலே பார்த்த மேட்டூர் கணக்கிலோ, திங்கள் காலைக்கும் செவ்வாய் காலைக்கும் நடுவில் அணையில் ஏதோ ஒரு மட்டத்தில் தண்ணீர் இருந்தது, அதனால் அங்கே கோடு பொருந்தும்.

பட்டை வரைபடம் வந்த கதையும் இதேதான். 1786-ல் வில்லியம் பிளேஃபேர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் நாடுகளின் வணிகத்தைக் கோடுகளாக வரைந்து ஒரு புத்தகம் போட்டார். ஸ்காட்லாந்துக்கு மட்டும் ஒரே ஒரு வருட விவரம்தான் அவர் கையில் இருந்தது. இழுத்துக்கொண்டு போக வருடங்கள் இல்லாததால், அது வணிகம் செய்த 17 இடங்களுக்கும் தனித்தனியாகப் பட்டை போட்டார். பையனிடம் இதைச் சொல்லுங்கள், அடித்த கோட்டைவிட இது மனதில் நிற்கும்.

கேள்வி: வட்ட விளக்கப்படத்தில் கோணங்களைக் கூட்டினால் 360 டிகிரியைத் தாண்டிவிடுகிறது. கணக்கு சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள். எங்கே பிழை?
– ஆசிரியர், திண்டுக்கல்

பதில்: கேட்ட கேள்வியில் இருக்கும், பாருங்கள். "என்னென்ன பழம் பிடிக்கும்?" என்று கேட்டால் ஒரு பிள்ளை மூன்று பழம் சொல்லும், தலைகளைவிடப் பதில்கள் அதிகமாகிவிடும். அதற்குப் பட்டைதான் சரி. "பள்ளிக்கு எப்படி வருகிறாய்?" என்பதுபோல ஆளுக்கு ஒரே பதில் வருகிறதைத்தான் வட்டத்தில் போட முடியும். வகுப்பில் 36 பேர் இருந்தால் இன்னும் வசதி, ஆளுக்கு 10 டிகிரி. மைதானத்தில் நடந்து வருபவர்கள், சைக்கிள், பஸ் என்று சேர்ந்து சேர்ந்து வட்டமாக நிற்கவைத்து, நடுவிலிருந்து கயிறு பிடித்துப் பிரித்துக் காட்டுங்கள்.

கேள்வி: கணினியே எல்லா வரைபடமும் போடுகிறதே, கையால் வரைவது இன்னும் தேவையா?
– வாசகி, மதுரை

பதில்: ஆரம்பத்தில் கட்டாயம் தேவை. எந்தப் படம் பொருந்தும் என்று எக்செல்லுக்குத் தெரியாது, ஒரு வார வெயிலைக் கொடுத்து வட்டத்தைத் தட்டினால் மறுக்காமல் வட்டம் போட்டுத் தந்துவிடும். முதலில் தாளில் உத்தேசமாக ஒரு வடிவம், பிறகு கணினியில் அதே விவரம். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் எங்கே தப்பு என்று பிள்ளையையே தேடச் சொல்லுங்கள், பல நேரம் ஏதோ ஓர் எண்ணில் தசமப்புள்ளி விட்டுப்போயிருக்கும்.