மூச்சுக்குழாய்ப் பரிசோதனையில் இதயத்துக்கு என்ன வேலை?

பிராங்கோஸ்கோப்பி (கேமரா பொருத்திய மெல்லிய குழாயை மூச்சுப் பாதைக்குள் விட்டுப் பார்ப்பது) செய்வது நுரையீரலுக்கு. அப்பாவின் மார்பில் ஏன் இ.சி.ஜி. ஒட்டினார்கள்?

குழாய் குரல்நாண்களைத் தாண்டும் அந்தச் சில நொடிகளுக்காகத்தான். இருமல் வெடிக்கும்; 80-இல் இருந்த நாடி 120-க்குத் தாவும். சிலருக்கு நேர்மாறாக, இதயத்தின் வேகத்தைக் குறைக்கும் வேகஸ் நரம்பு சீண்டப்பட்டுத் துடிப்பு தணிந்துவிடும். குழாயைச் சற்றுப் பின்னுக்கு இழுத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்; தேவையென்றால் துடிப்பைக் கூட்டும் அட்ரோபின் ஊசி போடுவோம்.

ஆனாலும் என் கவனம் முதலில் விரலில் மாட்டிய, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் மீதுதான். குழாய் மூச்சுப் பாதையில் கொஞ்சம் இடத்தை அடைத்துக்கொள்ளும். சளியை உறிஞ்சும்போது காற்றும் சேர்ந்து போகும். ஆக்சிஜன் இறங்கினால் இதயம் தாளம் தப்பும். அப்போது மருந்தைத் தேடி ஓடுவதைவிட, உறிஞ்சுவதை நிறுத்தி ஆக்சிஜனைக் கூட்டுவதே முதல் வேலை. திரையைப் பார்க்கக்கூட வேண்டாம்: ஆக்சிஜன் குறையக் குறைய அந்தக் கருவியின் 'பீப்' ஒலி சுருதி இறங்கும். எங்கள் காது அதற்குப் பழகியது.

திரையில் கோடு கன்னாபின்னாவென்று ஓடியதைப் பார்த்துப் பயந்துவிட்டேன்.

இருமலில் உடம்பு குலுங்கினாலும், வியர்வையில் ஒட்டுவான் கழன்றாலும் கோடு அப்படித்தான் கிறுக்கும். புதிதாகச் சேரும் மருத்துவர்களும் ஏமாறுவதுண்டு. கீழே ஆக்சிமீட்டரின் அலை ஒழுங்காகத் துள்ளுகிறதா, மணிக்கட்டில் நாடி கிடைக்கிறதா என்று பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

எல்லோருக்கும் இ.சி.ஜி. கட்டாயமா?

இல்லை. பிரிட்டனின் நுரையீரல் மருத்துவ அமைப்பான பிரிட்டிஷ் தொராசிக் சொசைட்டியின் 2013 வழிகாட்டுதல் ஆக்சிமீட்டரை எல்லோருக்கும், தொடர் இ.சி.ஜி.யைத் தாளக்கோளாறு வரும் அபாயம் மிகுந்தவர்களுக்கும் சொல்கிறது. கையருகே இருக்கும் கருவியை எல்லோருக்கும் மாட்டிவிடலாம் என்பது என் கட்சி.

அம்மாவுக்கு மாரடைப்பு வந்து இரண்டு வாரம்தான் ஆகிறது. செய்யலாமா?

அவசரமில்லையென்றால் தள்ளிப்போடுங்கள். 4 வாரமாவது பொறுப்பது நல்லது என்பதே அந்த வழிகாட்டுதலின் கருத்து. பொறுக்க முடியாத நிலை என்றால் இதய மருத்துவரும் கலந்து பேசியே முடிவெடுக்க வேண்டும்.

பேஸ்மேக்கர் இருக்கிறது.

உள்ளே பார்ப்பதால் பாதகமில்லை. மின்சாரத்தால் கட்டியைச் சுடும் சிகிச்சை என்றால் பேஸ்மேக்கரைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

விரலில் மருதாணி இருந்தால்?

அடர்ந்த கருமருதாணி ஆக்சிமீட்டரின் ஒளியை மறிக்கக்கூடும். ஏற்கெனவே இட்டிருந்தால் கவலை வேண்டாம், காதுமடலில் மாட்டிக்கொள்ளலாம். நகப்பூச்சை மட்டும் வீட்டிலேயே அழித்துவிட்டு வாருங்கள்.