தரவரிசையும் பாடக்கையேடும் – வாசகர் கடிதம்

அன்புள்ள ஐயா,

திருநெல்வேலிக்கு அருகே, அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும் ஒரு தனியார் கல்லூரியில் பி.இ. கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சிஜிபிஏ 8.0, அரியர் இல்லை. ஜெர்மனியில் எம்.எஸ். படிக்க விரும்புகிறேன். நாங்கள் அணுகிய கன்சல்டன்சி, "கம்ப்யூட்டர் சயின்ஸில் இடம் கிடைப்பது கடினம், டேட்டா சயின்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று அங்குள்ள ஒரு தனியார் பல்கலைக்கழகத்தைக் காட்டுகிறது. அப்பா வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்கவும் தயாராக இருக்கிறார். நானோ உலகத் தரவரிசையில் முதல் நூறுக்குள் வரும் பல்கலைக்கழகங்களுக்கு மட்டும் விண்ணப்பிக்கலாம் என்றிருக்கிறேன். எதை வைத்து முடிவெடுப்பது?

ர.

அன்புள்ள ர.,

கன்சல்டன்சி கொடுத்த பட்டியலுக்கும் உங்கள் கையிலுள்ள பட்டியலுக்கும் ஒரே குறைதான். அங்கே போய் என்ன படிக்கப்போகிறீர்கள் என்பது இரண்டிலும் இல்லை. ஜெர்மானியப் பல்கலைக்கழகங்கள் ஒவ்வொரு படிப்புக்கும் 'மொடூல்ஹாண்ட்புக்' எனப்படும் பாடக்கையேட்டை இணையத்தில் வைத்திருக்கின்றன. எந்தப் பாடம் கட்டாயம், எதற்கு எத்தனை கிரெடிட், தேர்வு எழுத்திலா வாய்மொழியிலா, முன்னதாக என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். நூறு பக்கத்துக்கு மேல் போகும், வறட்டு நடை, படிக்கத் தூக்கம் வரும். ஆனால் உங்கள் இரண்டாண்டு வாழ்க்கை அதில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

இதை நான் பட்டு அறிந்தேன். பல ஆண்டுகளுக்கு முன் நானும் அங்கே ஒரு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தேன். மதிப்பெண் நன்றாகவே இருந்தது. பெயர் பெற்ற இடம் என்பதால் மட்டும் அதைத் தேர்ந்திருந்தேன். கோட்பாட்டுக் கணினியியலில் போதிய கிரெடிட் இல்லை என்று இரண்டு வரியில் மறுத்துவிட்டார்கள். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு கையேட்டை எடுத்துப் பார்த்தபோது, அவர்கள் 'இன்ஃபர்மாட்டிக்' என்று சொல்வதும் நாம் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று சொல்வதும் முழுக்க ஒன்றல்ல என்று புரிந்தது. அங்கே கோட்பாடு என்பது ஒரு தனித் தூண்: ஆட்டோமேட்டா, கணிக்கத்தகுமை (எதைக் கணினியால் கணக்கிட முடியும் என்பது), சிக்கல்தன்மை (அதற்கு எவ்வளவு நேரமும் நினைவகமும் தேவை என்பது), தர்க்கம், அல்காரிதம் எல்லாம் நிரூபணத்தோடு கற்பிக்கப்படும். நம்மிடம் தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன் என்பது ஒரு செமஸ்டர் பேப்பர்; பழைய வினாத்தாள்களைப் புரட்டியே பெரும்பாலோர் தேறிவிடுவார்கள். அதனால்தான் அங்குள்ள பல துறைகள் உங்கள் மொத்த மதிப்பெண்ணோடு நிறுத்தாமல், கணிதத்தில் எத்தனை கிரெடிட், கோட்பாட்டில் எத்தனை என்று பாடவாரியாகக் கூட்டிப் பார்க்கின்றன.

மதிப்பெண் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். அங்கே 1.0 சிறந்தது, 4.0 தேர்ச்சி எல்லை. நம் மதிப்பெண்ணை மாற்ற 'மாற்றியமைத்த பவேரியச் சூத்திரம்' என்று ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள்: உச்ச மதிப்பெண்ணிலிருந்து உங்களுடையதைக் கழித்து, அதை உச்சத்துக்கும் தேர்ச்சி எல்லைக்கும் உள்ள இடைவெளியால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். உச்சம் 10, தேர்ச்சி 5 என்று கொண்டால் உங்கள் 8.0 அங்கே 2.2 ஆகும். பல இடங்களின் கதவைத் தட்டப் போதுமான எண் அது. ஆகவே 'கடினம்' என்று உங்களிடம் சொன்னவர் எந்தப் பாடத்தின் கிரெடிட் குறைகிறது என்று காட்டினாரா என்று கேளுங்கள். அரசுப் பல்கலைக்கழகங்களில் இடம் வாங்கித் தந்தால் முகவர்களுக்குப் பொதுவாகத் தரகு கிடையாது. தனியார் பல்கலைக்கழகங்கள் பல அதைத் தருகின்றன. இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

டேட்டா சயின்ஸ் மோசமான படிப்பு என்று சொல்ல வரவில்லை. கையேட்டில் நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு, ஆப்டிமைசேஷன் ஆகியவை கனமாக இருந்தால் அது நல்ல படிப்பு. மென்பொருள் கருவிகளின் பெயர்களும் 'பிசினஸ்' என்ற சொல்லும் மட்டுமே நிறைந்திருந்தால் அதற்காக வீட்டுப் பத்திரம் வங்கிக்குப் போகக்கூடாது.

தரவரிசைக்கு வருகிறேன். ஸார்ப்ரூக்கன் என்ற ஊரை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். பிரான்ஸ் எல்லையோரம், இரண்டு லட்சம் பேர்கூட இல்லாத ஊர். அங்குள்ள ஸார்லாந்து பல்கலைக்கழகத்தின் வளாகத்திலேயே மாக்ஸ் பிளாங்க் கணினியியல் நிறுவனம், மென்பொருள் அமைப்புகளுக்கான மற்றொரு மாக்ஸ் பிளாங்க் நிறுவனம், ஜெர்மானியச் செயற்கை நுண்ணறிவு ஆய்வு மையம் மூன்றும் இருக்கின்றன. அல்காரிதம் துறையில் பெரிய பெயரான குர்ட் மேல்ஹார்ன் பணியாற்றிய இடம் அது. எம்.எஸ். ஆங்கிலத்திலேயே உண்டு, கல்விக் கட்டணம் இல்லை. ஒட்டுமொத்தப் பல்கலைக்கழகத் தரவரிசை மருத்துவம், சட்டம் எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டுவதால், ஒரு துறை மட்டும் ஓங்கி நிற்கும் இத்தகைய இடங்கள் உங்கள் 'முதல் நூறு' வடிகட்டியில் அடிபட்டுப்போகும்.

பணத்தைப் பொறுத்தவரை, 'ஜெர்மனியில் படிப்பு இலவசம்' என்பது இப்போது பாதி உண்மைதான். பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து முதுகலைக்குச் செமஸ்டருக்கு 4,000 அல்லது 6,000 யூரோ வாங்குகிறது. கட்டணம் இல்லாத இடமானாலும், விசாவுக்கு ஓராண்டுச் செலவாக 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும் என்பது 2024 செப்டம்பர் முதல் உள்ள தொகை. அது கட்டணமல்ல, உங்கள் சாப்பாடும் வாடகையும். மாதம் 992 யூரோவாக உங்களுக்கே திரும்பி வரும். இரண்டாம் ஆண்டுச் செலவைப் பகுதிநேர வேலையில் ஈட்டிவிடலாம் என்ற கணக்கில் அப்பாவைக் கடன் வாங்க வைக்காதீர்கள். ஆண்டுக்கு 140 முழு நாட்கள் வேலை செய்ய அனுமதி உண்டு என்பது வேறு, முதல் ஆண்டிலேயே ஜெர்மன் மொழி தெரியாமல் துறைசார்ந்த வேலை கிடைப்பது வேறு.

அரியர் பற்றி ஒரு சொல். நம் கல்லூரிகளில் அரியரைத் தூக்கிக்கொண்டு கடைசி செமஸ்டர் வரை நடக்கலாம். அங்கே பல பல்கலைக்கழகங்களில் ஒரு கட்டாயத் தேர்வுக்கு மூன்று வாய்ப்புகள்தான். மூன்றாவதிலும் தவறினால் படிப்பிலிருந்தே நீக்கம், அதே படிப்பை வேறு ஜெர்மானியப் பல்கலைக்கழகத்தில் தொடர்வதும் பெரும்பாலும் முடியாது. கையேட்டில் கட்டாயப் பாடங்கள் எவை என்று முதலில் பார்க்க வேண்டும் என்பது இதற்காகத்தான்.

உங்களுக்கு இன்னும் ஓராண்டு இருக்கிறது. ஐந்தாறு கையேடுகளை இறக்கி, உங்கள் சிலபஸைப் பக்கத்தில் வைத்து எதற்கு எது ஈடாகும் என்று ஓர் அட்டவணை போடுங்கள். விருப்பப் பாடம் எடுக்க இடமிருந்தால் தர்க்கமோ அல்காரிதமோ எடுங்கள். இந்திய மாணவர்களுக்கு 2022 நவம்பர் முதல் கட்டாயமாகியிருக்கும் ஏபிஎஸ் சான்றிதழுக்கு (உங்கள் கல்விச் சான்றுகள் உண்மையானவை என்று சரிபார்த்துத் தருவது) முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். முழு சிலபஸின் நகலில் துறைத்தலைவரின் கையெழுத்தும் கல்லூரி முத்திரையும் வாங்குவதைக் கல்லூரியில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து கேட்டால், அலுவலகத்தில் அந்த முத்திரை எந்த மேசையில் இருக்கிறது என்று தேடவே ஒரு வாரம் ஆகும்.