மரபணுவின் வாலில் பெருகும் மூன்றெழுத்து

கேள்வி: டி.என்.ஏ.வில் ஒரே எழுத்துத்தொடர் திரும்பத் திரும்ப வரும் பகுதிகள் பயனற்ற குப்பைதானா?

பதில்: அப்படி ஒதுக்கிவிட முடியாது. 19ஆம் குரோமோசோமிலுள்ள டி.எம்.பி.கே. மரபணுவில், புரதத்துக்கான செய்தி முடிந்தபின் வரும் வால்பகுதியில், சி.டி.ஜி. என்னும் மூன்றெழுத்து பெரும்பாலோருக்கு 5 முதல் 37 முறை வரை அடுத்தடுத்து அமைந்திருக்கிறது. அது 50ஐத் தாண்டி, சிலருக்கு ஆயிரக்கணக்கிலும் பெருகும்போது மயோடோனிக் டிஸ்ட்ரோபி என்னும் தசைநோய் உண்டாகிறது என்பது 1992இல் தெரியவந்தது. இங்கே முதன்மையாகக் கெடுதல் செய்வது, மரபணுவிலிருந்து படியெடுக்கப்படும் ஆர்.என்.ஏ.தான். நீண்டுவிட்ட அந்த ஆர்.என்.ஏ. படி, செல்லின் உட்கருவிலேயே திரண்டு தங்கி, பிற மரபணுக்களின் ஆர்.என்.ஏ.வை வெட்டி ஒட்டுவதை நெறிப்படுத்தும் மஸில்பிளைண்ட் புரதங்களைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதனால், சுருங்கிய தசை தளர உதவும் குளோரைடு வாயிலுக்கான, தன்னளவில் எந்தப் பழுதுமில்லாத மரபணுவின் செய்தியும் தவறாக ஒட்டப்படுகிறது. கைகுலுக்கிய நோயாளி, விரும்பினாலும், பிடியை உடனே தளர்த்த முடியாமல் திணறுவது இதனால்தான். புரதமாகாத ஒரு வால் இவ்வளவு செய்வது வியப்புக்குரியதே. செல்கள் இன்சுலினை உணரப் பயன்படும் இன்சுலின் ஏற்பியின் செய்தியும் இவ்வாறே மாறுவதால், இந்நோயாளர்களின் தசைகள் இன்சுலினுக்குச் சரிவர இணங்குவதில்லை.