பழைய ஆல் வீல் டிரைவ் ஸ்டேஷன் வேகனை வேலூரில் குறைந்த செலவில் வைத்து ஓட்ட முடியுமா?

நீங்கள் கேட்டிருப்பது: காட்பாடியில் 2005 மாடல் செவ்ரோலெட் ஃபாரெஸ்டர் ஒன்று விலைக்கு வருகிறது. நான்கு சக்கரத்துக்கும் இன்ஜின் சக்தி போகும் ஆல் வீல் டிரைவ் வண்டி, பெட்ரோல், மேனுவல் கியர். வண்டி மனசுக்குப் பிடித்துவிட்டது. ஆனால் ஸ்பேர் கிடைக்காது, யானையைக் கட்டித் தீனி போடுற கதைதான் என்று வீட்டில் பயமுறுத்துகிறார்கள். மாதச் சம்பளத்தில் சமாளிக்க முடியுமா?

முடியும். நான் சத்துவாச்சாரியில் இதே வண்டியைத்தான் பல வருடமாக வைத்திருக்கிறேன். தினம் அலுவலகம், மாதம் ஒரு தடவை ஜவ்வாது மலை என்று ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. இந்த வண்டியில் பணம் போவது பெரும்பாலும் இரண்டு வழியில்: ஒன்று, டயர் விஷயத்தில் சிக்கனம் பிடிப்பது. இன்னொன்று, என்ன கோளாறு என்று கண்டுபிடிக்காமலே பொருளை மாற்றுவது. இந்த இரண்டையும் அடைத்துவிட்டால் மிச்சச் செலவு ஒரு சாதாரண பழைய காரின் செலவுதான்.

முதலில் வண்டியின் பிறப்பைத் தெரிந்துகொள்ளுங்கள், ஸ்பேர் தேட அதுதான் வழி. முகப்பில் செவ்ரோலெட் சின்னம் இருந்தாலும் வண்டி முழுக்க ஜப்பானின் சுபாரு. சுபாருவின் தாய் நிறுவனமான ஃபூஜி ஹெவி இண்டஸ்ட்ரீஸில் ஜெனரல் மோட்டார்ஸுக்கு அப்போது சுமார் 20 சதவீதப் பங்கு இருந்தது, அதனால்தான் இங்கே அந்தப் பெயரில் வந்தது. 2005இல் அந்தப் பங்கை விற்றுவிட்டார்கள். 2017 முடிவில் ஜெனரல் மோட்டார்ஸ் இந்தியாவில் கார் விற்பதையே நிறுத்திவிட்டது. ஆகவே செவ்ரோலெட் என்று சொல்லிக் கடை கடையாக ஏறினால் உதட்டைப் பிதுக்குவார்கள். "சுபாரு ஃபாரெஸ்டர், இரண்டாம் தலைமுறை, 2 லிட்டர்" என்று தேடுங்கள். உலகம் முழுக்க ஓடிய வண்டி. துபாய், ஷார்ஜா பக்கம் இதற்குப் பழசும் புதுசுமாகச் சாமான் கிடைக்கிறது. ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கம் வளைகுடாவில் ஆள் இல்லாத தெருவே கிடையாது. சேஸிஸ் நம்பரை வைத்துப் பார்ட் நம்பரை எடுத்து அனுப்பினால் போதும், லீவில் வருகிறவர் பெட்டியில் சென்சாரும் கேஸ்கெட்டும் தாராளமாக வந்து சேரும்.

எல்லாவற்றுக்கும் வெளிநாடு போக வேண்டியதும் இல்லை. பேரிங்கின் விளிம்பில் நம்பர் பொறித்திருக்கும், அந்த நம்பரைச் சொன்னால் பேரிங் கடையில் எடுத்துக் கொடுப்பார்கள். ஆயில் சீலுக்கு உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றும் போதும். டயர் அளவு 215/60 ஆர் 16, பிரெஸ்ஸாவுக்குப் போடுகிற அதே அளவு, எந்த டயர் கடையிலும் கிடைக்கும்.

சரி, டயருக்கு வருவோம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த வண்டிகளைக் கொல்வது இதுதான்.

ஃபாரெஸ்டரின் மேனுவல் கியர்பாக்ஸில் முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் நடுவே ஒரு டிஃபரன்ஷியல் (இரண்டு பக்கமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கரத் தொகுப்பு), அதோடு விஸ்கஸ் கப்ளிங் என்று ஒரு உருளை. உருளைக்குள் மெல்லிய தகடுகள், சிலிக்கான் திரவம். முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் சுற்றினால் அது சும்மா இருக்கும். வேகம் வித்தியாசப்பட்டால் திரவம் சூடாகி இறுகி இரண்டையும் பிடித்துக்கொள்ளும். சேற்றில் ஒரு பக்கம் வழுக்கும்போது கொஞ்ச நேரம் வேலை செய்வதற்காகச் செய்த பொருள்.

இப்போது முன் டயர் இரண்டை மட்டும் புதுசாக மாற்றுகிறீர்கள் என்று வையுங்கள். புது டயரின் பட்டன், அதாவது தரையில் படும் ரப்பர் வரிகளின் ஆழம் சுமார் 8 மில்லிமீட்டர், பின்னால் இருக்கும் பழசில் 5 என்று வைத்துக்கொள்வோம். மூன்று மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆரத்தில் 3 என்றால் சுற்றளவில் 19 மில்லிமீட்டர். இந்த அளவு டயர் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 480 சுற்றுச் சுற்றும். ஆக, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் சுமார் 9 மீட்டர் கணக்கு உதைக்கிறது. நேர் சாலையில், நெடுஞ்சாலையில், சென்னை போய்த் திரும்பும் வரைக்கும் அந்த உருளை ஓய்வில்லாமல் வெந்துகொண்டே இருக்கும். சுபாரு சொல்லும் வரம்பு சுற்றளவில் கால் அங்குலம், அதாவது 6 மில்லிமீட்டர் சொச்சம். பட்டன் ஆழத்தில் ஏறத்தாழ ஒரே ஒரு மில்லிமீட்டர்.

அதனால் நான்கும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், சேர்த்து வாங்க வேண்டும். முன்பின் மாற்றிப் போடுவதையும் தள்ளிப்போடாதீர்கள். ஒரு டயர் கிழிந்துவிட்டால் மிச்ச மூன்றின் ஆழத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய டயரைத் தேடிப் பிடிப்பதுதான் உண்மையான சிக்கனம். "சார், ரெண்டு போதும் சார், நல்லாதான் இருக்கு" என்று கடைக்காரர் சொல்வார். மற்ற கார்களுக்கு அவர் சொல்வது சரி.

உருளை ஏற்கெனவே போயிருக்கிறதா என்று காசு செலவில்லாமல் பார்க்கலாம். வண்டியை 20 கிலோமீட்டர் ஓட்டிச் சூடாக்குங்கள். அப்புறம் தார் அல்லது சிமெண்ட் தரையில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து, முதல் கியரில் மெதுவாக வட்டமடியுங்கள். யாரோ லேசாகப் பிரேக் பிடித்த மாதிரி இழுத்தாலோ, டயர் தத்தித் தத்தி உரசினாலோ உருளை இறுகிவிட்டது என்று அர்த்தம். மண் தரையில் இதைச் செய்யாதீர்கள். பாலாற்று மணலில் டயர் தானே வழுக்கிக் கொடுத்துவிடும், கோளாறு வெளியே தெரியாது. விற்கிறவர் "வாங்க, கிரவுண்டுல ஓட்டிப் பாக்கலாம்" என்றால் நீங்கள் ரோட்டுக்குக் கூப்பிடுங்கள். நேரம் இருந்தால் ஏலகிரி ஏறிப் பாருங்கள், 14 கொண்டை ஊசி வளைவில் எந்தப் பொய்யும் நிற்காது.

இதே காரணத்துக்காக இன்னொன்று. வண்டி வழியில் நின்றுவிட்டால் முன் சக்கரத்தை மட்டும் தூக்கி இழுத்துப் போக விடாதீர்கள், நான்கும் தரையை விட்டுத் தூக்கியிருக்கும் தட்டு வண்டியைக் கூப்பிடுங்கள். பட்டறையில் ஒரு அச்சை மட்டும் ஜாக்கியில் ஏற்றி இன்ஜினை ஓட விட்டுக் கியர் போடக் கூடாது, தரையில் இருக்கும் சக்கரம் வண்டியை ஜாக்கியிலிருந்து தள்ளிவிடும்.

கோளாறு கண்டுபிடிப்பதற்கு என் வண்டியிலேயே நடந்ததைச் சொல்கிறேன். 60 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் பின்பக்கமிருந்து ஊங்கென்று ஒரு சத்தம். ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில், ஆல் வீல் டிரைவ் என்றதுமே, கியர்பாக்ஸை இறக்கிப் பார்க்க வேண்டும் என்றார்கள். வண்டியைத் திருப்பிக்கொண்டு எனக்கு வழக்கமாக வேலை செய்யும் பாயிடம் போனேன். அவர் முதலில் டயரை முன்பின் மாற்றிப் போட்டு ஓட்டச் சொன்னார். சத்தம் இடம் மாறவில்லை, அப்படியானால் காரணம் டயர் இல்லை. பிறகு நெடுஞ்சாலையில் லேசாக வலப்பக்கம், இடப்பக்கம் சாய்த்து ஓட்டினோம். வலப்பக்கம் திருப்பும்போது சத்தம் ஏறியது, எடை சாய்வது இடப்பக்கம். பட்டறைக்கு வந்து, வண்டியை நியூட்ரலில் போட்டு இடது பின் சக்கரத்தைத் தூக்கினார். ஒரு கையைச் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கின் மேல் வைத்தபடி இன்னொரு கையால் சக்கரத்தைச் சுற்றிவிட்டார். "கைய வைங்க சார்" என்றார். வைத்தேன். ஸ்பிரிங் வழியாக உள்ளங்கையில் நறநறவென்று, மணல் அரைபடுகிற மாதிரி ஏறியது. வலப்பக்கச் சக்கரத்தில் அது சுத்தமாக இல்லை. வீல் பேரிங். கியர்பாக்ஸை யாரும் தொடவில்லை. அந்தப் பேரிங்கைப் பிரஸ்ஸில் வைத்து அழுத்தித்தான் ஏற்ற வேண்டும், சுத்தியலால் அடித்து ஏற்றினால் சீக்கிரமே மறுபடி ஊங்கும். லேத் பட்டறையில் பிரஸ் இருக்கும்.

ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிக்கும்போது டக்டக் என்றால் ஆக்ஸிலின் சி.வி. ஜாயிண்ட், அதாவது சக்கரம் திரும்பும்போதும் விசையைக் கடத்தும் மூட்டு. ரப்பர் உறை கிழிந்திருக்கும்போதே பார்த்து உறையையும் கிரீஸையும் மாற்றிவிட்டால் ஜாயிண்ட் பிழைத்துக்கொள்ளும்.

அடுத்தது நம்ம ஊர் வெயிலும் நம்ம ஊர்த் தண்ணீரும். ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றிய வண்டியைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? சூட்டைப் பொறுத்துக் கூலண்டின் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் இருக்கும் இடத்தில் வெந்நீர்க் குண்டானின் அடிபோல வெள்ளையாகக் காரை கட்டியிருக்கும். பாலாற்றுப் படுகை உப்பு அப்படி. கூலண்ட் கலந்தே வருவதை வாங்குங்கள், இல்லையென்றால் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரில் கலந்து ஊற்றுங்கள். இது படுத்த இன்ஜின், சிலிண்டர்கள் இரண்டு பக்கமும் படுக்கையாக இருக்கும். உள்ளே காற்று எளிதில் மாட்டிக்கொள்ளும். ஊற்றும்போது முகப்பை மேடாக நிறுத்தி, ரேடியேட்டரின் காற்றுத் திருகைத் திறந்து, பொறுமையாக ஊற்ற வேண்டும். அவசரமாக ஊற்றிவிட்டு, சூடு ஏறுகிறது என்று ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு) மாற்றச் சொல்கிறவர்கள் உண்டு.

சூடு எப்போது ஏறுகிறது என்பதைக் கவனியுங்கள். வேலூர் கிரீன் சர்க்கிள் நெரிசலில் நிற்கும்போது ஏறி, நெடுஞ்சாலையில் இறங்கினால் ஃபேன் அல்லது தூசி அடைத்த ரேடியேட்டர். ஃபேன் ஓடியும் மலை ஏறும்போது ஏறினால் ரேடியேட்டரின் உட்பக்க அடைப்பு அல்லது தெர்மோஸ்டாட். நன்றாக ஓட்டிவிட்டு வந்து நிறுத்தியதும் கூலண்ட் பாட்டிலில் விடாமல் குமிழி வந்தால்தான் ஹெட் கேஸ்கெட் சந்தேகம். இந்த விஷயத்தில் அதிகம் கெட்ட பெயர் வாங்கியது 2.5 லிட்டர் இன்ஜின், நம்முடையது 2 லிட்டர்.

கியர் ஆயில் பற்றிச் சுருக்கமாக. கியர்பாக்ஸும் முன் டிஃபரன்ஷியலும் ஒரே எண்ணெயில் ஓடுகின்றன, மூன்றரை லிட்டர் சொச்சம். பின் டிஃபரன்ஷியலுக்குத் தனியாக 800 மில்லி. இரண்டுக்கும் டப்பாவில் 75டபிள்யூ-90, ஜிஎல்-5 என்று போட்டிருக்கும் எண்ணெய். வாங்கிய கையோடு மாற்றுங்கள், வடிக்கும்போது போல்ட்டைப் பாருங்கள். மை மாதிரி கசடு ஒட்டியிருந்தால் பரவாயில்லை, விரலில் குத்துகிற துண்டு வந்தால் விலையைப் பற்றி முன்பே பேசியிருக்க வேண்டும்.

பெட்ரோல் குழாய்களையும் மாற்றிவிடுங்கள். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, 2005இல் செய்த ரப்பர் அதை நினைத்துச் செய்ததில்லை. எத்தனால் தாங்கும் குழாய் மீட்டர் கணக்கில் கிடைக்கிறது. சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் சொட்டுவதை வைத்துக்கொண்டு பந்தயம் கட்ட வேண்டாம்.

பார்க்கப் போகும்போது ஆர்.சி.யை வாங்கிப் படியுங்கள். 2005 வண்டி என்றால் 2020இல் ஒரு தடவை, 2025இல் இன்னொரு தடவை புதுப்பித்திருக்க வேண்டும். ஏப்ரல் 2022 முதல் காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய், இறக்குமதி வண்டி என்றால் 40,000. ஆகஸ்ட் 2025இல் 20 வருடம் தாண்டியவற்றுக்கு இரண்டையும் இரட்டிப்பாக்கிவிட்டார்கள். ஆகவே ஆர்.சி.யில் இறக்குமதி என்று இருக்கிறதா, எந்தத் தேதி வரை செல்லும் என்ற இரண்டையும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

கடைசியாக டைமிங் பெல்ட், இன்ஜினின் வால்வுகளைப் பிஸ்டனோடு கணக்காக இயக்கும் பெல்ட். ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாற்ற வேண்டியது, வயதானாலும் மாற்ற வேண்டும். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே போய்விடும். வாட்டர் பம்பையும் அதே பெல்ட்தான் சுற்றுகிறது, பம்ப் இறுகினால் பெல்ட்டும் அறும். அதனால் பெல்ட், அது ஓடும் சின்ன உருளைகள், பம்ப் எல்லாம் ஒரே தடவையில். "மாத்தியாச்சு சார்" என்று ஓனர் சொன்னால் பில்லைக் கேளுங்கள். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்து, அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். வாங்கிய வண்டியைக் காட்பாடியிலிருந்து நேராகப் பட்டறைக்கே ஓட்டிப் போய்விடுங்கள்.