கில்கென்னில ஒரு நாள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அயர்லாந்துல, டப்ளின்ல வேலை பாக்கறேன். ஆகஸ்ட்ல இங்க கில்கென்னி ஊர்ல ஆர்ட்ஸ் ஃபெஸ்டிவல்னு கலை விழா நடக்கறப்போ ஒரே ஒரு சனிக்கிழமைதான் ஃப்ரீயா இருக்கு. ஒரு நாள்ல எல்லாத்தையும் பாத்துட முடியுமா? ஒரு லிஸ்ட் போட்டுக் குடுங்களேன்.

பதில்: தாராளமா போயிட்டு வாங்க, ஆனா லிஸ்ட் மட்டும் வேணாம். ஊரே சின்னதுங்க, மொத்தமே 27,000 பேர் சொச்சம்தான். கோட்டைல ஆரம்பிச்சு செயின்ட் கேனிஸ் கதீட்ரல் வரைக்கும் போற பாதைக்கு மெடீவல் மைல்னு பேரு, விறுவிறுன்னு நடந்தா அரை மணி நேரம்கூட ஆகாது. ஆனா விறுவிறுன்னு நடந்துட்டு வர்றதுக்கா அவ்ளோ தூரம் போறீங்க, நடுவுல 1594ல கட்ட ஆரம்பிச்ச ரோத் ஹவுஸ் இருக்கு, ஒரு வியாபாரி குடும்பத்தோட வீடு, அந்தக் காலத்துல பணக்காரங்க எப்படி வாழ்ந்தாங்கன்னு அங்க போனாத்தான் புரியும், அப்புறம் ஹை ஸ்ட்ரீட்லேர்ந்து கீழ இறங்கற பட்டர் ஸ்லிப்னு ஒரு சந்து, 1616லேர்ந்து இருக்கு, வெண்ணெய் விக்கறவங்க கடை போட்ட எடம்.

நான் சொல்றது இதுதான். சாயங்காலத்துக்கு ஒரே ஒரு நிகழ்ச்சிக்கு டிக்கெட் எடுத்துக்கோங்க, மத்த நேரத்தை சும்மா விட்டுடுங்க. முடிஞ்சா கதீட்ரல்லயோ, 1225ல வந்த பிளாக் ஆபிங்கற மடாலயத்துலயோ நடக்கற கச்சேரியா பாத்து எடுங்க. நூத்துக்கணக்கான வருஷமா பாட்டு கேட்ட சுவருக்கு நடுவுல உக்காந்து கேக்கற சுகம் எந்த புது ஆடிட்டோரியத்துலயும் கெடைக்காது, இந்த விழா 1974லேர்ந்து நடக்குதுன்னா அதுக்கு அந்தக் கட்டடங்களும் ஒரு காரணம்னு நான் நம்பறேன். டப்ளின் ஹியூஸ்டன் ஸ்டேஷன்லேர்ந்து ரயில் ஏறினா ஒன்றரை மணி நேரம் பக்கம் ஆகும், ஸ்டேஷன்லேர்ந்து கோட்டைக்கு நடந்தே போயிடலாம். திரும்பி வர்ற கடைசி ரயில் எப்போன்னு பாத்துட்டு அப்புறமா கச்சேரி டிக்கெட் எடுங்க.

கேள்வி: அங்க கைட்டெலர்ஸ் இன்-னு ஒரு பழைய பப் இருக்காம், சூனியக்காரி வீடுன்னு சொல்றாங்களே, நெஜமாவா?

பதில்: ஆலிஸ் கைட்டெலர்னு ஒரு அம்மா இருந்தது நெஜம், சூனியக்காரிங்கறது அவங்க மேல போட்ட பழி. வட்டிக்குப் பணம் குடுத்து வாங்கற பெரிய பணக்காரி, நாலு கல்யாணம் பண்ணவங்க, நாலாவது புருஷன் உடம்பு சரியில்லாம போனதும் மூத்த தாரத்துப் பிள்ளைங்கல்லாம் சேர்ந்து இவதான் வெஷம் வச்சா, மந்திரம் வச்சான்னு பிஷப் ரிச்சர்ட் லெட்ரீட் கிட்ட போய் நின்னாங்க. சொத்து யாருக்குன்னு வந்த சண்டைதான் அதுக்கு அடியில இருக்குன்னு எனக்குப் படுது. ஆலிஸுக்கு பெரிய இடத்துல ஆள் இருந்துச்சு, அந்த பிஷப்பையே புடிச்சு 17 நாள் உள்ள வச்சாங்கன்னா பாத்துக்கோங்க! ஆனாலும் அவர் விடல, கடைசில ஆலிஸ் ஊரை விட்டே தப்பிச்சுப் போயிட்டாங்க.

மாட்டினது யாரு? வீட்டு வேலைக்காரப் பொண்ணு, மீத் பக்கத்துலேர்ந்து வந்த பெட்ரோனில்லா. சவுக்கால அடிச்சு ஒத்துக்க வச்சு, 1324 நவம்பர் 3ஆம் தேதி அந்தப் பொண்ணை உயிரோட எரிச்சாங்க. ஆலிஸ் மகன் வில்லியமுக்கோ கதீட்ரல் கூரைக்கு ஈயத் தகடு போட்டுக் குடுன்னு பரிகாரம். 1332ல கதீட்ரலோட நடுக் கோபுரம் இடிஞ்சு விழுந்துச்சு, அந்த ஈயத்தோட பாரம்தான் காரணம்னு ஊர்ல சொல்லுவாங்க. இப்போ கதீட்ரலுக்குள்ள போனா லெட்ரீட் பிஷப்போட கல்லறைச் சிலை பத்திரமா இருக்கு, பெட்ரோனில்லாவுக்குன்னு அங்க ஒரு கல்லறை இல்ல. பப்ல ஜாலியா சூனியக்காரி கதை சொல்லுவாங்க, கேளுங்க, ஆனா அந்தப் பொண்ணு பேரை நெனப்புல வச்சுட்டுக் கேளுங்க.

கேள்வி: எங்க அத்தையும் கூட வர்றாங்க, முட்டி வலி. கோபுரம் ஏற முடியுமா? இல்லன்னா அவங்களுக்கு என்ன இருக்கு?

பதில்: கதீட்ரல் பக்கத்துல இருக்கற வட்டக் கோபுரம் சுமார் 30 மீட்டர், 9ஆம் நூற்றாண்டுதுன்னு சொல்றாங்க, உள்ள செங்குத்தா மரப்படி, ரொம்பக் குறுகல். முட்டி வலியோட வேணவே வேணாம், சின்னக் குழந்தைங்களையும் ஏத்த மாட்டாங்க. நீங்க ஏறிட்டு வாங்க, அத்தை கதீட்ரல்லயே உக்காந்திருக்கட்டும்.

அவங்களுக்கு ஏத்த எடம் கோட்டைப் பூங்காதான். பெரிய புல்வெளி, ரோஜாத் தோட்டம், உக்கார பெஞ்சு, உள்ள போக காசு கெடையாது. கீழ நோர் ஆத்தங்கரையோட சமதளமா ஒரு நடைபாதையும் இருக்கு. கோட்டைக்குள்ள ஒரே ஒரு எடம் மட்டும் காட்டணும்னா லாங் கேலரியைக் காட்டுங்க, அத்தைகிட்ட தலைய நிமிர்த்தி மேல பாக்கச் சொல்லுங்க, 1860கள்ல தீட்டின மரக்கூரை அது, உத்தரம் முழுக்க பின்னல் கோலம், உத்தர நுனில தங்க முலாம் பூசின மிருகத் தலைங்க. பட்லர்ங்கற பிரபு குடும்பம் 1391ல வாங்கின கோட்டை, பராமரிக்க முடியாம 1967ல வெறும் 50 பவுண்டுக்கு ஊருக்கே குடுத்துட்டாங்க. இன்னிக்கு யார் வேணா புல்லுல படுத்துக் கெடக்கலாம்னா அதுனாலதான்.

கேள்வி: மழை பேஞ்சா நாள் வீணாப் போயிடுமே?

பதில்: ஆகஸ்ட்லயும் பேயும், மெல்லிசா ஒரு ரெயின் ஜாக்கெட் வச்சுக்கோங்க. ஆனா வீணாகாதுங்க. இந்த ஊருக்கு மார்பிள் சிட்டின்னு பேரு, அது நெஜத்துல மார்பிள் இல்ல, கருப்பு சுண்ணாம்புக்கல், அதை பாலிஷ் பண்ணா உள்ளேர்ந்து வெள்ளை வெள்ளையா சிப்பி, கிளிஞ்சல் வடிவமெல்லாம் தெரியும், கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்ன கடலுக்கு அடியில இருந்ததோட அடையாளம். ஈரம் பட்டா இன்னும் நல்லாத் தெரியும், அதனால மழை விட்டதும் நடைபாதையையும் வாசப்படியையும் குனிஞ்சு பாருங்க. பலமா பேஞ்சா கோட்டைக்கு எதிர்ல பழைய குதிரை லாயத்துல இருக்கற டிசைன் சென்டருக்குள்ள போயிடுங்க, மண்பாண்டம், கம்பளி, கண்ணாடின்னு அயர்லாந்து கைவினை எல்லாம் இருக்கு, மாடில சூடா சூப்பும் பிரவுன் பிரெட்டும் சாப்பிடலாம்.

கேள்வி: லண்டன்ல இருக்கோம், இந்திய பாஸ்போர்ட், யூகே வேலை விசா. அதுலயே போயிடலாமா?

பதில்: முடியாது. யூகே வேலை விசா இருந்தாலும் அயர்லாந்துக்குத் தனியா விசா எடுக்கணும், ஷெங்கன் விசாவும் அங்க செல்லாது. ரெண்டு நாட்டுக்கும் பொதுவான பிஐவிஎஸ் (பிரிட்டிஷ்-ஐரிஷ் விசா ஸ்கீம்) முத்திரை குறுகிய கால விசிட் விசாவுக்குத்தான். ஃபெஸ்டிவல் டைம்ல ரூம் வாடகை ஏறிடும், அதனால விசாவுக்கு இப்பவே அப்ளை பண்ணுங்க, கைல வந்ததும் மொத வேலையா ரூமைப் போடுங்க.