தோளில் சுண்ணாம்பு படிந்தால் பாலை நிறுத்தலாமா?

கேள்வி: எனக்கு 46 வயது. மன்னார்குடியில் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். ஒன்றரை மாதமாக வலது தோளில் வலி. தலை பின்னவோ, உயரத்தில் இருக்கும் டப்பாவை எடுக்கவோ கை எழும்ப மாட்டேன் என்கிறது. ராத்திரி அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியவில்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, ‘தோளில் கால்சியம் படிந்திருக்கிறது’ என்றார்கள். உடம்பில் சுண்ணாம்புச் சத்து அதிகமாகிவிட்டது என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னதால், மூன்று வாரமாகப் பால், தயிர், கேழ்வரகு, முருங்கைக்கீரை எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். முன்பு எழுதித் தந்த கால்சியம் மாத்திரையும் போடுவதில்லை. வலி குறையவே இல்லை. ஆபரேஷன் செய்ய வேண்டியிருக்குமா?

பதில்: இதைப் படித்த கையோடு ஒரு டம்ளர் பாலைக் காய்ச்சிக் குடியுங்கள், சகோதரி. உங்கள் கடிதத்தில் தோள் வலியைவிட அந்த மூன்று வாரப் பத்தியம்தான் என்னைக் கவலைப்பட வைத்தது.

நம் உடம்பில் ஏறக்குறைய ஒரு கிலோ கால்சியம் இருக்கிறது. அதில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும். ரத்தத்தில் ஓடுவது மிகக் கொஞ்சம். ஒரு டெசிலிட்டருக்கு 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரை. அந்த அளவு குறைந்துவிடாமல், கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் இருக்கும் நான்கு சிறிய பாராதைராய்டு சுரப்பிகள் காவல் காக்கின்றன. சாப்பாட்டில் கால்சியம் வராவிட்டால் அவை எலும்பிலிருந்து எடுத்து ரத்தத்துக்குக் கொடுக்கும். தோளில் படிந்ததை நாடிப் போகாது. மாதவிடாய் நிற்கப்போகும் வயதில் எலும்பு எப்படியும் தேய ஆரம்பிக்கும். அந்த நேரத்தில், 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் வைத்திருக்கும் கேழ்வரகை விலக்கியிருக்கிறீர்கள்!

அப்படியானால் தோளில் எப்படி வந்தது? கையைப் பக்கவாட்டில் தூக்க உதவும் ஒரு தசை, தோள்பட்டைக்கு மேலே வந்து கை எலும்பில் ஒரு நாணாக ஒட்டியிருக்கிறது. அந்த நாணுக்குள் சில செல்கள் குருத்தெலும்பு செல்களைப் போல மாறுகின்றன. அங்கே கால்சியம் வந்து தங்குகிறது. ரத்தத்தில் அளவு முழுக்கச் சரியாக இருக்கும்போதே இது நடக்கும். 30 முதல் 60 வயதுக்குள், பெண்களிடம் அதிகமாகப் பார்க்கிறோம். சர்க்கரை நோய், தைராய்டு கோளாறு உள்ளவர்களிடமும் கூடுதலாகப் பார்க்கிறோம். அதனால் சர்க்கரையும் தைராய்டும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

எனக்கே 52 வயதில் இது வந்தது. இடது தோள், இரவு இரண்டு மணி. கை அசைந்தால் உயிர் போகிற வலி. இடது பக்கம் என்பதால் என் கணவர் பயந்து, முதலில் ஈசிஜி எடுக்கத்தான் கூட்டிப்போனார். அது சரியாக இருந்தது. விடிந்து எக்ஸ்ரே எடுத்தால் மொச்சைக்கொட்டை அளவுக்கு ஒரு வெள்ளைத் திட்டு. எத்தனையோ பேருக்கு இதைப் பார்த்துச் சொன்ன எனக்கு, அது எப்படிப்பட்ட வலி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இதில் ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். கால்சியம் சேரும்போது பெரும்பாலும் அவ்வளவாக வலிக்காது. மாதக்கணக்கில் சும்மா கிடக்கும். உடம்பே அதைக் கரைக்க ஆரம்பிக்கும்போதுதான் அந்த இடம் வீங்கி, கெட்டியாக இருந்தது பற்பசை மாதிரி இளகி, உள்ளே அழுத்தம் கூடிப் பயங்கரமாக வலிக்கும். உச்சகட்ட வலி பல நேரம் அது கரைந்துகொண்டிருப்பதன் அடையாளம். எனக்கு ஆறு மாதம் கழித்து எடுத்த படத்தில் திட்டு இருந்த இடமே தெரியவில்லை.

ஆபரேஷன் வெகு சிலருக்குத்தான் தேவைப்படும். வலி மாத்திரையைக் கொஞ்ச நாளைக்கு, சிறுநீரகமும் வயிறும் நன்றாக இருந்தால் மட்டும், டாக்டரைக் கேட்டுப் போடுங்கள். வலி அதிகமான நாளில் துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம் கொடுங்கள். முன்னால் குனிந்து, நல்ல கையை மேஜையில் ஊன்றி, வலிக்கும் கையைத் தொங்கவிட்டுக் கடிகாரப் பெண்டுலம் போல மெல்ல ஆட்டுங்கள். கையை அசைக்காமலே வைத்திருந்தால் தோள் இறுகிப்போகும்; அப்புறம் அதைச் சரிசெய்ய மாதக்கணக்காகும். எண்ணெய் போட்டு அழுத்தி நீவிவிடச் சொல்வார்கள், வேண்டாம். இதற்கெல்லாம் அடங்காவிட்டால் தோளில் ஒரு ஊசி போடலாம். ஸ்கேனில் பார்த்தபடியே ஊசியால் உப்பு நீர் செலுத்தி அந்தக் கால்சியத்தைக் கழுவி உறிஞ்சியும் எடுக்கலாம். தையல் மெஷினைக் கொஞ்ச நாள் குறைத்துக்கொள்ளுங்கள், முக்கியமாகக் கையைத் தூக்கித் துணி வெட்டும் வேலையை. நிறுத்திய மாத்திரையை, எழுதித் தந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள்.

உங்கள் பக்கத்து வீட்டு அக்கா பயப்படுவது போல ரத்தத்திலேயே கால்சியம் எகிறிப்போவதும் உண்டு. அதற்குக் காரணம் வேறு. ஒரு பெரியவர், 68 வயது, வாரம் ஒன்று சாப்பிட வேண்டிய 60,000 யூனிட் வைட்டமின் டி பாக்கெட்டை மூன்று மாதம் தினமும் சாப்பிட்டுவிட்டார். யாரும் அவருக்கு எடுத்துச் சொல்லவில்லை. சீட்டில் இருந்த எழுத்து அவருக்குப் புரியவும் இல்லை. ஓயாத தாகம், மலச்சிக்கல், வாந்தி, பேச்சில் குழப்பம் என்று கூட்டிவந்தார்கள். ரத்தத்தில் கால்சியம் 13.8. இந்த அளவு நீடித்தால் சிறுநீரகத்திலேயே கால்சியம் படியும். டிரிப் ஏற்றி, மருந்து கொடுத்து இறக்கினோம். சிறுநீரகம் பழைய நிலைக்கு வர நான்கு மாதம் ஆனது. வீட்டில் அந்த பாக்கெட் இருந்தால், எந்தக் கிழமை என்று அதன் மேலேயே தமிழில் பெரிதாக எழுதி வையுங்கள்.

டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் கதையும் வேறு. சிறுநீரகம் பாஸ்பரஸை வெளியேற்றாததால் அது ரத்தத்தில் கூடி, கால்சியத்தோடு சேர்ந்து ரத்தக் குழாய்ச் சுவரில் படிகிறது. அவர்களுக்குத் தரும், பாஸ்பரஸைக் குறைக்கும் மாத்திரையைச் சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டால்தான் வேலை செய்யும். வெறும் வயிற்றில் போட்டுவிட்டு ‘தவறாமல் சாப்பிடுகிறேன்’ என்பவர்கள் நிறையப் பேர்.

கேள்வி: வெளிநாட்டு வேலைக்காக எடுத்த நெஞ்சு எக்ஸ்ரேயில் ‘பழைய கால்சியப் புள்ளி’ என்று எழுதியிருக்கிறார்கள். 31 வயது. இருமல், காய்ச்சல் எதுவும் இல்லை. புற்றுநோயாக இருக்குமோ?
– வாசகர், அறந்தாங்கி

பதில்: முழுக்கக் கால்சியமாக இறுகிய சிறு புள்ளி என்றால், பெரும்பாலும் எப்போதோ வந்து ஆறிய காசநோய்க் கிருமியின் தழும்பு. சின்ன வயதில் தொற்றி, உங்களுக்குத் தெரியாமலே ஆறியிருக்கும். ஆறிய இடத்தைச் சுற்றி உடம்பு சுவர் எழுப்பிவிட்டது, அவ்வளவுதான். பழைய எக்ஸ்ரே ஏதாவது இருந்தால் தேடி எடுத்து, நெஞ்சு நோய் மருத்துவரிடம் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். புள்ளி மாறாமல் இருந்தால் நிம்மதி. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைதல் எது வந்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்யுங்கள், இலவசம்தான். இப்போது எடுத்த படத்தையும் மடிக்காமல் பத்திரமாக வைத்திருங்கள், அடுத்த முறை கேட்பார்கள்.