வெள்ளை வேட்டி

ஐயா,

அப்பாவுக்கு 68 வயது. புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கோவைக்குப் போய் ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்கிறார். நோய் கட்டுக்குள் இருக்கிறது என்கிறார் டாக்டர். ஆனால் அப்பா தோட்டத்துக்கும் போவதில்லை, கல்யாணம் காட்சிக்கும் வருவதில்லை. அம்மாவிடம்கூட எரிந்து விழுகிறார். நடுராத்திரியில் வியர்த்து எழுந்து, வாசலில் உட்கார்ந்து அழுகிறார். 'தைரியமாக இருங்கள்' என்று எத்தனை முறைதான் சொல்வது?

எஸ்., கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள எஸ்.,

அதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். தான் கோழையாகிவிட்டோம் என்றுதான் அது அவர் காதில் விழும்.

புராஸ்டேட் என்பது ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி. அதில் வரும் புற்று டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைக் கொண்டு வளர்வது. அந்த ஹார்மோனை வற்றவைத்தால் புற்று சுருங்கும் என்று சார்லஸ் ஹக்கின்ஸ் என்ற மருத்துவர் 1941-இல் காட்டினார்; 1966-இல் நோபல் பரிசு பெற்றார். உங்கள் அப்பாவின் ஊசி செய்வதும் அதைத்தான். ஆனால் அந்த ஹார்மோன் வற்றும்போது உடம்பு திடீரென்று கொதித்து வியர்க்கிறது, தூக்கம் கெடுகிறது, தசை கரைகிறது, எலும்பு மெலிகிறது, ஆசை அற்றுப்போகிறது, மனமும் சோர்ந்துவிடக்கூடும். இதில் பாதி, மாதவிடாய் நின்ற காலத்தில் அம்மாவும் பட்டிருக்கக்கூடியதுதான். அப்பாவைப் புரிந்துகொள்ளக்கூடியவர் வீட்டிலேயே இருக்கிறார்.

நீங்கள் எழுதாத இன்னொன்றும் இருக்கலாம். பெருந்துறைச் சந்தைக்குப் போவதென்றாலும் சலவை வேட்டி கட்டாமல் கிளம்பாதவர் என் பெரியப்பா. இதே ஆபரேஷனுக்குப் பிறகு கருநீலக் கைலிக்கு மாறினார். விரக்தி என்று நினைத்தோம். ஒருநாள் கட்டிலுக்கடியில் மஞ்சள் பை ஒன்றைப் பெரியம்மா இழுத்துப் பார்த்தார். உள்ளே செய்தித்தாளில் சுற்றிய ஈரத்துணிகள். இருமினாலும், மடை திருப்பக் குனிந்தாலும் சிறுநீர் சொட்டியிருக்கிறது. ஈரோட்டுக்குப் பஸ் ஏறாமல் இருந்ததற்குக் காரணம் அதுதான். ஆறு மாதம் அதை ஒற்றை ஆளாக மறைத்திருக்கிறார். இன்றும் அந்தப் பையை நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

இதற்கு வழி இருக்கிறது. சிறுநீரை அடக்கும் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியைப் பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுப்பார். பலருக்கு மாதங்கள் போகப் போகக் குறைகிறது. குறையாவிட்டால் வேறு சிகிச்சைகளும் உண்டு. அதுவரை உள்ளே வைத்துக்கொள்ளும் பேட் போதும்.

ஓய்வெடுங்கள் என்று கட்டிலில் உட்கார வைக்காதீர்கள். ஊசி தரும் அசதிக்கு நடைதான் நல்ல மருந்து. காலையில் வாய்க்கால் கரையில் யாராவது அவரோடு நடங்கள். எலும்பின் நிலையை டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, தசைக்கு வேலை தரும் பயிற்சியையும் தொடங்கலாம். அழுகை தொடர்ந்தாலோ, இருந்து என்ன பயன் என்று பேசினாலோ மனநல மருத்துவரிடம் காட்டத் தயங்காதீர்கள். அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸின் எண் 14416. இரவிலும் தமிழில் பேசலாம்.

மகளிடம் இதையெல்லாம் சொல்ல அவருக்கு நா எழாது. அடுத்த ஊசிக்கு அம்மாவையும் கோவைக்கு அழைத்துப் போங்கள். இருவரும் டாக்டரிடம் தனியாகப் பேசட்டும். நீங்கள் வெளியே பெஞ்சில் காத்திருங்கள்.